அரை அமுக்கு

2010 டிசம்பர் மாதத்தின் கடைசி நாட்கள். போடிநாயக்கனூர் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய வண்டி தேனிப் பக்கம் வேகம் பிடிக்கிற இடத்தில், தண்டவாளத்துக்கு இருபதடி தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். கையில் சட்டைப்பைக்குள் அடங்குகிற சின்ன டிஜிட்டல் கேமரா. திருப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக்கப் போகிறார்கள், வருஷம் முடிவதோடு வண்டியும் நின்றுவிடும் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. 1928-ல் வந்த பாதை. என் அம்மா கல்யாணமாகி ஆண்டிபட்டியிலிருந்து போடிக்கு வந்ததே அந்த வண்டியில்தான். அது நிற்பதற்குள் ஒரே ஒரு படம் எடுத்து வீட்டில் மாட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

வண்டி வந்தது. எஞ்சினின் முகம் திரைக்குள் முழுசாக வந்ததும் பொத்தானை அமுக்கினேன். லென்ஸ் உள்ளே போனது, வெளியே வந்தது, மறுபடியும் உள்ளே போனது. டிக்கென்று சத்தம் கேட்டபோது எஞ்சின் என்னைத் தாண்டிப் போயிருந்தது. பதறிப்போய் மறுபடி அமுக்கினேன். முதல் படத்தைக் கார்டில் எழுதி முடிக்கும்வரை கேமரா எனக்குக் காது கொடுக்கவில்லை. அது தயாராகி இரண்டாவது படத்தை எடுத்தபோது அகப்பட்டது கடைசிப் பெட்டியின் முதுகும் அதில் மாட்டியிருந்த ‘எல்வி’ பலகையும்தான். வண்டி முழுசாகப் போய்விட்டது, இதற்குப் பின்னால் பெட்டி இல்லை என்று ஸ்டேஷன்காரர்களுக்குச் சொல்வதற்காக மாட்டுகிற பலகை அது. முதல் படத்தில் இழுவிப்போன ஒரு ஜன்னல் வரிசை. இரண்டாவதில் அந்தப் பலகை. அதன் பிறகு பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் போடிக்கு ரயில் வரவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கேமரா மட்டமானது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது நான் போடியில் ஒரு ஸ்டூடியோவில் உதவிக்கு நின்றேன். லைட் பிடிப்பது, ஆல்பம் ஒட்டுவது, கல்யாண வீடுகளுக்குப் பெட்டி தூக்குவது. மறுநாள் ஸ்டூடியோ அண்ணனிடம் இரண்டு படத்தையும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கேமராவை வாங்கி, ஆள்காட்டி விரலைப் பொத்தான் மேல் வைத்துக் காட்டினார்.

“இதுல ரெண்டு படி இருக்குடா. பாதி அமுக்குனா ஃபோகஸ் பாக்கும். முழுசா அமுக்குனா எடுக்கும். நீ ஒரே அமுக்கா அமுக்கிட்ட. அது ரெண்டு வேலையையும் சேத்துப் பாத்துருக்கு. வண்டி வந்த பிறகு ஃபோகஸ் தேடுனா எப்படி? வண்டி வரப்போற கட்டையில முன்னாடியே அரை அமுக்கு வச்சுட்டு, விரலை எடுக்காம நிக்கணும்.”

சின்ன கேமராக்கள் ஃபோகஸ் தேடுவது ஒரு குருடன் சுவரைத் தடவிக் கதவைக் கண்டுபிடிப்பது மாதிரி. படம் எந்த இடத்தில் அதிகத் துலக்கமாக இருக்கிறதென்று தெரிய, லென்ஸ் அந்த இடத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். தூங்குகிற ஆட்டுக்குட்டியோ அசையாத கோபுரமோ என்றால் பரவாயில்லை. ரயில் அதுவரை காத்திருக்காது. பெரிய எஸ்.எல்.ஆர். கேமராக்களில் வெளிச்சத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிற தனி உணரி ஒன்று உள்ளே இருக்கும். எந்தப் பக்கம், எவ்வளவு திருக வேண்டும் என்பது அதற்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்குப் புரிந்தது அரை அமுக்கு என்ற அந்த ஒன்று மட்டும்தான்.

அண்ணன் ஃபிலிம் காலத்து ஆள். ஒரு ரோலில் 36 படம், ஒரு கல்யாணத்துக்கு மூன்று ரோல் என்று கணக்குப் பார்த்து எடுத்தவர். தாலி கட்டுகிற நேரத்தை அவர் எடுப்பதைப் பலமுறை கிட்டே நின்று பார்த்திருக்கிறேன். கெட்டிமேளம் உச்சத்துக்குப் போகும், நாலு பக்கமும் அட்சதை பறக்கும், நாத்தனார் பின்னாலிருந்து கையை நீட்டுவாள், மாமன்மார்களின் முதுகு குறுக்கே வரும். ஃப்ளாஷ் ஒருமுறை அடித்தால் மறுபடி சார்ஜ் ஏறச் சில நொடிகள். ஆகவே இருப்பது ஒரே வாய்ப்பு. அவர் மாப்பிள்ளையின் கையைப் பார்க்கவே மாட்டார். பெண்ணின் கழுத்தில் முடிச்சு விழப்போகிற இடத்தில் ஃபோகஸை நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். கை அங்கே தானாக வந்து சேரும். வேகமான ஒன்றைப் பிடிக்க அதைவிட வேகமான விரல் வேண்டும் என்று நினைத்திருந்தவன் நான். அது வரப்போகிற இடத்தில் முன்னதாகப் போய் நிற்க வேண்டும் என்பதை எனக்கு அவர்தான் காட்டிக் கொடுத்தார்.

2012-ல் சேர்த்த காசைக் கொண்டு மதுரையில் ஒரு பழைய நிக்கான் டி90 வாங்கினேன். கூடவே 70–300 லென்ஸ். நொடிக்கு நாலரைப் படம் எடுக்கும். பதினோரு ஃபோகஸ் புள்ளிகள், அதில் நடுப்புள்ளிதான் நம்பகமானது. இப்போதைய கேமராக்களுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அதை முதல்முறை கண்ணில் வைத்து அமுக்கியபோது, விரலுக்கும் சத்தத்துக்கும் நடுவில் எதுவுமே இல்லாததுபோல இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பழகுவதற்கு முந்தல் சாலையோர வயல்களுக்குப் போவேன். மின்கம்பியில் பஞ்சுருட்டான்கள் உட்கார்ந்திருக்கும். பச்சை உடம்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு, வாலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி இறகு. திடீரென்று கம்பியிலிருந்து சரிந்து பறந்து, காற்றிலேயே ஒரு பூச்சியைக் கவ்வும். முதல் ஒரு வாரம் அதைத் துரத்தித் துரத்தி வெறும் வானத்தை எடுத்தேன். பறவை போகிற பக்கமெல்லாம் லென்ஸைத் திருப்பினால் ஃபோகஸ் பின்னால் இருக்கும் மலையில் போய் ஒட்டிக்கொள்ளும். எட்டாவது நாளோ என்னவோ, களைத்துப்போய்க் கேமராவைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா பார்த்தேன். போன பறவை திரும்பி அதே கம்பியில், அதே சாண் இடத்தில் வந்து உட்கார்ந்தது. பூச்சியைக் கம்பியில் இரண்டு அடி அடித்தது, கொடுக்கை உதறியது, விழுங்கியது. மறுபடி கிளம்பியது. மறுபடி அதே இடம். அப்புறம் நான் பறவையைத் துரத்தவில்லை. கம்பிக்கு ஒரு முழம் முன்னால், அது இறக்கையை விரித்து வேகத்தைக் குறைக்கிற இடத்தில் ஃபோகஸை வைத்தேன். 1/2000 நொடி. மூன்றாவது படத்தில் அலகில் தேனீயோடு பஞ்சுருட்டான்.

யானைகளையும் காட்டெருதுகளையும் கறுப்பு–வெள்ளையில் எடுத்த மா. கிருஷ்ணனை அப்போதுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். 1996-ல் இறக்கும்வரை காட்டைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தவர். வேறு வேறு கேமராக்களின் பாகங்களைத் தானே பூட்டி ஒரு கனத்த கேமரா செய்து, அதற்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பேரும் வைத்திருந்தார். தானாக ஃபோகஸ் பண்ணுகிற வசதியோ நொடிக்கு இத்தனை படம் என்கிற வசதியோ எதுவும் அதில் இல்லை. காட்டு மிருகம் அடுத்து என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவின் பலத்தில்தான் அவர் எடுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

போடியில் விடியற்காலை நாலரைக்கெல்லாம் தெருக்கள் விழித்துவிடும். தூக்குவாளியில் சோறு, தலையில் துண்டு, மேலே பழைய ஆண் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு பெண்கள் ஜீப்புக்கு நிற்பார்கள். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டு, அங்கிருந்து கேரளத்துப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்கள். சாயங்காலம் அதே வழியில் இறக்கம். என் அம்மா இருபது வருஷத்துக்கு மேல் அந்த ஜீப்புகளில் போய் வந்தவள். நான் ஸ்கூலுக்கு எழுந்திருக்கும்போது அவள் மலையில் இருப்பாள்.

அந்த ஜீப்புகளை எடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே இருந்தது. போடிமெட்டுச் சாலையில் புலியூத்துக்கு மேலே ஒரு வளைவில் விடியும் முன்பே போய் நின்றேன். முதலில் பஞ்சுருட்டானுக்கு வைத்த கணக்கையே இதற்கும் வைத்தேன். வெளிச்சம் போதவில்லை, ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றினால் படமெல்லாம் ரவை கொட்டினாற்போலப் புள்ளி. இன்னொன்றும் இருந்தது. அந்தச் சாலையின் நேரான துண்டில் ஒரு ஜீப் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், ஒரு நொடிக்குப் பதினோரு மீட்டர் ஓடுகிறது. 1/1000 நொடியில் பதினோரு மில்லிமீட்டர்தான். அதாவது படத்தில் ஜீப் அப்படியே நின்றுவிடும். நின்றும் போனது. ரோட்டோரம் நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். அந்த வண்டி ஏறி வருகிற முக்கல், வளைவில் ஒருபக்கமாகச் சாய்கிறபோது பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிகிற சரிவு, எதுவுமே அதில் இல்லை.

பிறகு ஷட்டரை 1/30-க்கு இறக்கினேன். வளைவு ஏறும்போது ஜீப் இரண்டாவது கியரில் மூச்சுத் திணறி வரும், 15 கிலோமீட்டர்கூட இருக்காது. வண்டி எங்கே முடியப்போகிறதோ அந்தப் பக்கமாகக் காலை ஊன்றி நின்றுகொண்டு, இடுப்பை மட்டும் வண்டி வருகிற பக்கம் முறுக்கி, அது நெருங்க நெருங்க முறுக்கைப் பிரித்துக்கொண்டே கூடவே திரும்ப வேண்டும். பாதி வழியில் அமுக்க வேண்டும், அமுக்கிய பிறகும் திரும்புவதை நிறுத்தக் கூடாது. கல்லுரலில் மாவாட்டுகிறவர் கை குழவியை விடாததுபோல. வண்டி துலக்கமாக நிற்கும், பின்னால் இருக்கிற பாறையும் மரமும் கோடு கோடாக ஓடும். நூறு எடுத்தால் நாலு தேறும்.

தேறிய ஒன்றில் எனக்கு நம்ப முடியாத ஒரு விஷயம் கிடைத்தது. வண்டியோடு நான் திரும்பியிருந்தாலும் ஒவ்வொரு தலையும் ஒவ்வொரு விதமாகக் குலுங்கியிருந்தது. பின்சீட்டில் இருந்த ஏழெட்டுப் பேரின் முகமும் கலங்கியிருக்க, கம்பியில் தலை சாய்த்துத் தூங்குகிற ஒரு அக்காவின் முகம் மட்டும் கல்லில் வெட்டியதுபோலத் தெளிவாக இருந்தது. தூக்கத்தில் அவருடைய தலை வண்டியோடு வண்டியாகிப் போயிருந்தது.

மூன்றாம் நாள் ஒரு ஜீப் வளைவிலேயே நின்றது. உள்ளேயிருந்து ஒரு அத்தை எட்டிப் பார்த்துக் கேட்டார்: “ஏப்பா, யாரு மகன் நீ? எதுக்கு எங்களையே பிடிக்கிற? ஆள் சாஸ்தின்னு செக்போஸ்ட்ல குடுக்கவா?” எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு வண்டியில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பது அவர்களுக்கு அன்றன்றைய கூலி. வண்டியைப் பிடித்துவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. அதே ஜீப்புகள் பள்ளத்தில் கவிழ்ந்ததையும் நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இரண்டு பயத்துக்கும் நடுவில் உட்கார்ந்து போகிறவர்களை நான் கேட்காமலே எடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அம்மா பேரைச் சொன்னேன். அத்தையின் முகம் இளகியது. “அவ மகனா? சொல்லிட்டு எடுக்க வேண்டியதுதானப்பா.” அந்த வாரமே தேறிய படங்களைப் பிரிண்ட் போட்டு, காலை நாலரைக்கு ஜீப் நிற்கிற இடத்தில் ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். தூங்குகிற அக்கா தன் படத்தை வெகுநேரம் பார்த்தார். கல்யாணத்திலும் ரேஷன் கார்டிலும் தவிர வேறெங்கும் அவர் படத்தில் இருந்ததில்லை. அதற்குப் பிறகு தோட்டத்துக்குப் போகிற எந்த வண்டியையும் நான் முதல் நாளே சொல்லாமல் எடுத்தது கிடையாது.

2023 ஜூன் 15-ஆம் தேதி அகலப்பாதையில் ரயில் போடிக்கு வந்தது. நான் முன்தினமே ஒத்திகை பார்த்தேன். தெரிந்த தம்பி ஒருவரிடம் கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமரா ஒன்றை இரவல் வாங்கியிருந்தேன். சத்தமே வராத மின்னணு ஷட்டரில் மெயின் ரோட்டில் போகிற ஜீப்பை எடுத்துப் பார்த்தால், சக்கரம் முட்டை வடிவில் இருந்தது, வண்டி பின்னோக்கிச் சாய்ந்திருந்தது. அந்த ஷட்டரில் சென்சார் படத்தை ஒரே நேரத்தில் வாங்குவதில்லை, மேலிருந்து கீழே வரிவரியாக வாசிக்கிறது. மேல்வரியை வாசித்துக் கீழ்வரிக்கு வருவதற்குள் வண்டி நகர்ந்துவிடுகிறது. செல்போனில் ஓடும் பஸ்ஸிலிருந்து எடுக்கிற தந்திக்கம்பங்கள் சாய்ந்து விழுவதும் இதனால்தான். பழையபடி சத்தம் போடுகிற ஷட்டருக்கே மாற்றிக்கொண்டேன். சில நாள் கழித்து ஒரு முற்பகலில், மதுரையிலிருந்து வருகிற வண்டியைப் பின்னால் மலைத்தொடர் முழுசாகத் தெரிய எடுத்தேன். நல்ல படம். கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, “பெட்டியெல்லாம் பெருசா இருக்கு” என்றாள். அந்தப் படத்தைப் பற்றி எனக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை. எனக்குள் கிடக்கிற படங்கள் மலையில் எடுத்தவை.

2014 வாக்கில் அம்மா வேலை பார்த்த தோட்டத்துக்காரரிடம் கேட்டு, ஒரு பூக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு ஜீப்பில் போனேன். ஏலப்பூவையும் தேனீயையும் எடுக்க வேண்டும். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும், பூ பூப்பது அடித்தூரில். வேரடியிலிருந்து சரம் சரமாகத் தரையோடு படர்ந்து வரும். பூ சின்னது, வெள்ளை. கீழுதடு மாதிரி விரிந்த இதழில் ஊதா நிறத்தில் நரம்பு நரம்பாகக் கோடுகள். தேனீக்குப் பாதை காட்டுகிற கோடுகள் அவை. விடியலில் விரிகிற பூவுக்கு ஒரே பகல்தான் ஆயுள். தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்க்காவிட்டால், காய் பிடிக்காமல் உதிர்ந்துவிடும். ஏலக்காய் என்று உலகம் வாங்குகிற அத்தனையும் அந்தச் சில மணி நேரத்தில் வந்துபோன ஏதோ ஒரு தேனீயின் வேலை. மழை விடாமல் அடிக்கிற நாளில் தேனீ வெளியே வராது. அம்மா வானத்தைப் பார்த்துக் கவலைப்படுவது எதற்கென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பூ தரையில் இருக்கிறதால் நானும் தரையில்தான். சருகு மேல் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, கண்ணைக் கேமராவில் வைத்தால் பத்து நிமிஷத்தில் அட்டைகள் ஏறிவிடும். கணுக்காலில் உப்பும் புகையிலையும் தடவிவிடுவாள் அம்மா. மேலே பெரிய நிழல் மரங்கள், அதற்குக் கீழே ஏல இலைகளின் இன்னொரு கூரை. ஏலத்துக்கு நிழல் வேண்டும், கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும். தேனீ நொடிக்கு 230 தடவை வாக்கில் இறக்கையடிக்கிறது. 1/1000 நொடியில் எடுத்தால் ஒரு முழு அடிப்பில் கிட்டத்தட்ட கால்பங்கு அந்தப் படத்துக்குள் நடந்து முடிந்துவிடும். இறக்கை இருக்கிற இடத்தில் ஒரு புகைதான் இருக்கும். 1/4000 போகலாமென்றால் அந்த நிழலில் படம் கறுப்பு. மூன்று ஞாயிறு வீணாகப் போனது.

நாலாவது வாரம் கல்யாண வீட்டு ஃப்ளாஷை எடுத்துக்கொண்டு போனேன். ஃப்ளாஷின் சக்தியைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தால் அது அடிக்கிற நேரமும் குறுகிவிடும், நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். ஷட்டர் 1/200-லேயே இருக்கட்டும். ஐ.எஸ்.ஓ. 200, துவாரம் எஃப் 11. தோட்டத்து நிழலில் அந்தக் கணக்குக்கு ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தால் படத்தில் ஒன்றுமே விழாது, முழு இருட்டு. அப்படியென்றால் படத்தில் விழுவது நொடியின் அந்தப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மட்டும்தான். மூன்று வாரமாக எனக்கு எதிரியாக நின்ற நிழலே ஷட்டர் வேலையைச் செய்ய ஆரம்பித்தது. வெட்டவெளியில் இந்த வித்தை பலிக்காது. வெயில் உள்ளே நுழைந்து ஒரு நிழலுருவை ஒட்டிவிடும். ஏலத்தோட்டம் எனக்குக் கொடுத்த கொடை அது.

ஃபோகஸைக் கையாலேயே பூவின் கீழுதட்டுக்குச் சற்று முன்னால் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். தேனீ உட்காருவதற்கு முன்னால் ஒரு கணம் காற்றில் நிற்கும். கால்களைத் தொங்கவிட்டு, அந்த ஊதாக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல. அந்த ஒரு கணம். 400 படம் எடுத்ததில் மூன்று தேறின. அதில் ஒன்றில் நாலு இறக்கையின் நரம்புகளும் எண்ணுகிற அளவுக்குத் தெரிகின்றன, பின்னங்காலில் பொடி ஒட்டியிருக்கிறது. தோட்டத்துப் பெண்கள் மத்தியானச் சோற்றின்போது கேமராவின் பின்திரையில் சுற்றி நின்று பார்த்தார்கள். “இந்தப் பிள்ளைதான் நமக்குச் சோறு போடுது” என்று ஒரு பாட்டி திரையைத் தொட்டுக் கும்பிட்டார்.

அம்மாவை எடுத்தது 2016-ல், காய் எடுக்கிற பருவத்தில். அவளுக்கு அப்போதே முழங்கால் வலி வந்துவிட்டது. இன்னும் எத்தனை நாளைக்கு மலையேறுவாள் என்று எனக்குப் பயம் வந்திருந்தது. ரயிலைத் தவறவிட்டது போல இதையும் விட்டுவிடக் கூடாது.

ஏலக்காய் எடுக்கிற கையை நீங்கள் கிட்டே பார்த்திருக்க வேண்டும். ஒரே சரத்தில் முற்றிய காயும் பிஞ்சும் பூவும் அடுத்தடுத்து இருக்கும். விதை கறுத்த காயை மட்டும் எடுக்க வேண்டும். பிஞ்சைப் பறித்தால் எடையும் போச்சு, அடுத்த எடுப்புக்கு வர வேண்டிய காயும் போச்சு. காயின் தோலில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவே தெரியாது. அம்மா பார்ப்பதுகூட இல்லை. தூரைச் சுற்றிக் குத்தவைத்து உட்கார்ந்து, பக்கத்துச் சரத்துக்காரியிடம் பேசிக்கொண்டே, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காயைத் தொட்ட மாத்திரத்தில் முடிவெடுக்கும். ஒரு சின்னத் திருகு, காய் உள்ளங்கைக்குள் போகும், விரல் அடுத்ததற்குப் போயிருக்கும். கை நிறைந்ததும் இடுப்பில் கட்டிய சாக்குப்பை. பச்சைக்காய் ஐந்து கிலோ காய்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய். அப்படியானால் அந்த விரல்கள் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை போய்வர வேண்டும். பஞ்சுருட்டானையும் தேனீயையும் எடுத்த எனக்கு, அவ்வளவு வேகமான எதையும் நான் பார்த்ததில்லை என்று தோன்றியது.

ஃப்ளாஷ் வைத்து, தேனீக்குச் செய்த அதே கணக்கில் எடுத்தேன். அற்புதமாக வந்தது. நகக்கண்ணில் ஏறியிருந்த கறை, விரல் வெடிப்பு, காயின் மேல் பனித்துளி, எல்லாம் துல்லியம். அம்மாவிடம் திரையைக் காட்டினேன். அவள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“கை சும்மா இருக்கே” என்றாள்.

நான் மறுபடி பார்த்தேன். ஆமாம். விரல் ஒரு காயைத் தொட்டுக்கொண்டு அப்படியே இருந்தது. யாரோ ஒருவர் காயைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு, எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல. இருபது வருஷ வேகம் அந்தப் படத்தில் ஒரு துளிகூட இல்லை. 1878-ல் மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் கலிபோர்னியாவில் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடுகிற குதிரையின் நாலு காலும் ஒரு கணம் தரையை விட்டு எழும்புவதைக் காட்டினார். அந்த மாதிரிப் படங்களைப் பற்றி பிரெஞ்சுச் சிற்பி ரோதான் குறை சொன்னதைப் பல வருஷம் கழித்துப் படித்தேன். காலம் ஒருபோதும் நிற்பதில்லை, ஆகவே அதை நிறுத்திக் காட்டுகிற படம்தான் பொய் சொல்கிறது என்பது அவருடைய வாதம். அம்மா அதை மூன்று சொல்லில் சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவாரம் முக்காலியோடு போனேன். ஃப்ளாஷை வீட்டிலேயே வைத்துவிட்டேன். ஐ.எஸ்.ஓ.வை அடிமட்டத்துக்கு இறக்கி, துவாரத்தைச் சுருக்கி, 1/15, 1/8 என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் அரை நொடிக்கு வந்தேன். மறுபடியும் அந்த நிழல்தான் கைகொடுத்தது. வெளியே வெயிலில் அரை நொடி வைத்தால் படம் வெளுத்துப் போகும். அம்மாவைப் படத்துக்காக உட்கார வைக்கவில்லை. அவள் எந்தத் தூருக்கு அடுத்து வருவாள் என்று எனக்கு அப்போது தெரியும். அந்தத் தூரின் முன்னால் முக்காலியைப் பூட்டி, ஒரு சரத்தில் ஃபோகஸை நிறுத்தி, விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் வந்து குத்தவைத்தாள், யாரிடமோ பேசிக்கொண்டே கையை உள்ளே விட்டாள்.

அந்தப் படத்தில் சரம் துலக்கமாக இருக்கிறது, இலை துலக்கமாக இருக்கிறது, சாக்குப்பையின் நார்கூடத் தெரிகிறது. கை இல்லை. கை போன வழி இருக்கிறது. ஒரு காயில் விரல் கொஞ்சம் நின்றிருக்கிறது, அங்கே நகம் மங்கலாகத் தெரிகிறது. அங்கிருந்து ஒரு கோடு வளைந்து எழும்பி, நாலு விரற்கடை தள்ளி இன்னொரு காயில் இறங்குகிறது. அங்கே மறுபடியும் விரல்.

மூன்று மணிக்கு எடை போட ஆள் கூப்பிட்டுவிட்டார்கள். எல்லோரும் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். அம்மா என்னருகே நின்று, சாக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, திரைக்குள் குனிந்தாள். நிறைய நேரம் பார்த்தாள். பிறகு கறையேறிய விரலால், அந்த இரண்டு காய்களுக்கும் நடுவில், கோடு தாண்டிப் போயிருந்த இடத்தில் கொஞ்சமும் அசையாமல் பளிச்சென்று நின்ற ஒரு பச்சைப் பிஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

“பாரு, அதை நான் தொடல.”